மழை நாட்டு வீட்டுக்கு மின்சாமான்: கடையில் பார்ப்பது, வீட்டில் சோதிப்பது

குளிர் கூடும் மாதங்களில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைக் கடை வாசல்களில் மூன்று சாமான்களைத் தவறாமல் காணலாம்: வாளிக்குள் போடும் ஹீட்டர் கொயில், பிளாஸ்டிக் ஷவர் ஹீட்டர், ஐந்தாறு வாய் உள்ள மல்டி பிளக். மூன்றும் ஈரத்தோடும் கூடுதல் கரண்டோடும் புழங்குபவை. பெட்டியில் எத்தனை முத்திரை அச்சடித்திருந்தாலும், அந்தச் சாமான் வீட்டில் ஆளை அடிக்காமல் இருப்பது நான்கு விஷயங்களைப் பொறுத்தது: சாமான், அதன் பிளக்கும் வயரும், வீட்டின் எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் வயரும் கம்பியும்), மெயின் பலகையில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானே விழுவது). முதல் இரண்டைக் கடையிலேயே பார்த்துவிடலாம். பின்னிரண்டைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. மழையும் தகரக் கூரையும் உள்ள ஊரில் உயிர் காப்பது அந்தப் பின்னிரண்டுதான்.

முத்திரை எதைச் சொல்கிறது

இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 1964இல் தொடங்கியது. இப்போது 1984ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அது கொடுப்பதுதான் எஸ்.எல்.எஸ். முத்திரை. இந்த முத்திரை உள்ள சாமானின் மாதிரியும் தொழிற்சாலையும் மூன்றாவது ஒருவரால் சோதிக்கப்பட்டவை. முத்திரையோடு தரத்தின் எண்ணும் இருக்கும். 13 அம்பியர் பிளக், சொக்கெட்டுக்கு எஸ்.எல்.எஸ். 734, வீட்டு வயரிங் செய்யும் பி.வி.சி. வயருக்கு எஸ்.எல்.எஸ். 733. எண் இல்லாமல் வெறும் முத்திரை மட்டும் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். எண் இருந்தாலும், அது பெட்டியில் மட்டும் அல்லாமல் சாமானின் உடலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியை யாரும் அச்சடிக்கலாம். பிளக்கின் பிளாஸ்டிக்கில் அச்சாகவே வார்ப்பது அவ்வளவு சுலபமில்லை.

சி.ஈ. என்ற இரண்டெழுத்துக்கு நம் ஊரில் அளவுக்கு மீறிய மரியாதை உண்டு. ஐரோப்பியச் சந்தையில் விற்பதற்காக உற்பத்தியாளர் தானே போட்டுக்கொள்ளும் உறுதிமொழி அது. பெரும்பாலான வீட்டுச் சாமான்களுக்கு வெளியார் யாரும் சோதித்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இலங்கையில் அதற்குச் சட்டப் பெறுமதி கிடையாது. நட்சத்திரம் போட்ட மின்சிக்கன லேபிளும் அப்படித்தான்: கரண்ட் பில் எவ்வளவு வரும் என்பதற்குத்தான் அது சாட்சி, ஷொக் அடிக்குமா என்பதற்கு அல்ல.

ஹீட்டர், கேத்தல், அயன் போன்ற வீட்டுச் சாமான்களுக்கு உலகம் முழுக்கப் பொதுவான தரம், சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் ஐ.ஈ.சி. 60335. அதற்குள் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பகுதி உண்டு: அயனுக்கு 2-3, கேத்தலும் ரைஸ் குக்கரும் 2-15, தாங்கி உள்ள கீசர் 2-21, உடனடி ஷவர் ஹீட்டர் 2-35, வாளிக் கொயில் 2-74. கையேட்டில் இந்த எண் சரியாக இருந்தால் நல்ல அறிகுறி. வாளிக் கொயிலின் தாளில் அயனின் எண் அச்சாகியிருந்தால், யாரோ எங்கிருந்தோ பார்த்து எழுதியது என்று பொருள்.

தகட்டைப் படியுங்கள்

அடியிலோ பின்புறத்திலோ ஒரு சிறிய தகடு அல்லது லேபிள் இருக்கும். அதில் உற்பத்தியாளர் பெயர், மாடல் எண், வோல்ட், ஹேட்ஸ், வாட் ஐந்தும் இருக்க வேண்டும். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேட்ஸ். 220–240 என்று போட்டிருந்தால் சரி. எர்த் இல்லாத இரண்டு வயர்ச் சாமான் என்றால் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் உள்ள குறி இருக்க வேண்டும். இரட்டைக் காப்பு உண்டு என்பதற்கு அதுதான் அடையாளம். இரும்பு உடம்பு, இரண்டு வயர், இரட்டைச் சதுரமும் இல்லை: இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் விலை என்னவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குளியலறைச் சாமானுக்கு ஐ.பி.எக்ஸ்.4 அல்லது அதற்கு மேல் வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சாமானிலும், நகரத்துப் பழைய சாமான் கடையில் வாங்குவதிலும் இந்தத் தகடு இன்னும் முக்கியம். ஜப்பானில் பாவித்த ரைஸ் குக்கரும் ஹீட்டரும் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. பிளக்கை மட்டும் வெட்டி மாற்றிச் சுவரில் சொருகினால் வோல்ட் 2.3 மடங்கு, சூடு அதன் வர்க்கம், அதாவது ஐந்து மடங்குக்கு மேல். 800 வாட் குக்கர் 4,200 வாட் இழுக்கப் பார்க்கும்; சோறு வேகுமுன் கொயில் போய்விடும், இல்லையேல் வயர் போய்விடும். குவைத், டுபாய்ப் பக்கத்திலிருந்து வருபவற்றில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை; பிளக் கூட நம்முடையதுதான். சவூதியில் 60 ஹேட்ஸ். அங்கிருந்து வரும் கேத்தலும் அயனும் வோல்ட் பொருந்தினால் ஒழுங்காக வேலை செய்யும். மோட்டார் உள்ள கிரைண்டரும் மின்விசிறியும் மெதுவாகச் சுற்றிச் சூடேறும். இந்தியச் சாமான் 230 வோல்ட், 50 ஹேட்ஸ்தான், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும்.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. சில சார்ஜர்களின் லேபிளில் 2,000 மீட்டர் என்று ஒரு குறிப்பு இருக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் பொறி தாவுவது எளிதாகும். உள்ளே உலோகங்களுக்கு இடையில் விட்ட இடைவெளி அந்த உயரம் வரைதான் கணக்கிடப்பட்டது என்று பொருள். நுவரெலியா நகரம் சுமார் 1,868 மீட்டர், ஆகவே பயமில்லை. ஆனால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆவி பட்டு அணையும் சாதாரணக் கேத்தலுக்கு இதனால் ஒன்றுமில்லை. பாகை பார்த்து அணையும் டிஜிட்டல் கேத்தலை 100இல் வைத்தால் அது அந்தச் சூட்டை எட்டாமல் கொதித்துக்கொண்டே இருக்கக்கூடும், 90இல் வையுங்கள்.

பிளக்: ஒரு காந்தம் போதும்

நாட்டுக்கு ஒரே பிளக் என்று தீர்மானித்தது 13 அம்பியர் சதுரக் கால் பிளக். 2018 ஆகஸ்ட் தொடக்கம் வேறு வகைப் பிளக், சொக்கெட்டைச் செய்வதும் இறக்குவதும் விற்பதும் கூடாது; வீட்டில் ஏற்கெனவே இருப்பதை மாற்ற 2038 வரை அவகாசம் உண்டு. ஆகவே புதிதாக வயரிங் செய்கிறவர் உருண்டைக் கால் 5 அம்பியர், 15 அம்பியர் சொக்கெட்டைப் பொருத்திக் கொடுத்தால் ஏற்காதீர்கள்.

நல்ல 13 அம்பியர் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள ஒற்றைக் கால்தான் எர்த். மற்ற இரண்டையும்விடத் தடித்தது, 5 மில்லிமீட்டர் நீளமானது. முதலில் உள்ளே போய்க் கடைசியில் வெளியே வருவது அதுதான். கீழே உள்ள இரண்டு கால்களின் அடிப்பாதியில் கறுப்புப் பிளாஸ்டிக் உறை இருக்கும். பாதி சொருகிய நிலையில் விரல் பட்டாலும் அடிக்காமல் இருக்கத்தான் அந்த உறை. எர்த் காலுக்கு உறை இருக்கவே கூடாது. மூன்று காலுக்கும் உறை போட்ட பிளக் போலி, சந்தேகமே வேண்டாம்: உறை போட்ட இடம் சொக்கெட்டின் எர்த் தகட்டைத் தொடாமல் போகலாம், அப்போது எர்த் இருந்தும் இல்லாத கதைதான்.

அடுத்து, ஒரு சிறு காந்தத்தைக் காலில் ஒட்டிப் பாருங்கள். பித்தளைக் கால் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. இரும்பு கரண்டை நன்றாகக் கடத்தாது, நம் ஈரத்தில் துருப்பிடித்துப் பிடிப்பும் போய்விடும், பிறகு பிளக் கருகும்.

பிளக்கைத் திறந்தால் வலப்பக்கம் பியூஸ். பீங்கான் உடம்பில் பி.எஸ். 1362 (பிரித்தானியத் தரத்தின் எண்) என்றும் 3 அல்லது 13 என்றும் எழுதியிருக்கும். 700 வாட்டுக்குக் குறைந்த சாமானுக்கு 3 அம்பியர், அதற்கு மேல் 13. பியூஸ் இருக்கும் இடத்தில் வெற்றுக் கம்பியோ சிகரெட் பெட்டி ஈயத்தாளோ இருந்தால் அந்த வீட்டில் கடைசியாக வேலை செய்தவரை மறுபடியும் கூப்பிடாதீர்கள்.

பிளக்கை நீங்களே மாட்டினால்: எர்த்துக்குப் பச்சை-மஞ்சள், மேலே, லைனுக்குக் கபிலம், பியூஸ் பக்கம், நியூட்ரலுக்கு நீலம், இடம். பழைய வயரில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பச்சை-மஞ்சள் வயரை மற்ற இரண்டையும்விட ஒரு அங்குலம் நீளமாக விடுங்கள். யாராவது வயரை இழுத்தால் கடைசியாகக் கழல வேண்டியது அதுதான். வயரின் வெளித்தோல் பிளக்கின் பிடிக்குள் அகப்பட வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய வயர்களை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு மாதம் தாங்காது.

இரண்டு கால் பிளக்கைச் சொருக எர்த் ஓட்டைக்குள் பேனாவைக் குத்தி மூடியைத் திறக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த மூடி குழந்தையின் விரலுக்காக வைத்தது. பேனா குத்திக் குத்தி அது உடைந்துவிட்டால் சொக்கெட் பிறகு எப்போதும் திறந்தே கிடக்கும். மெல்லிய கால்கள் உள்ளே ஆடிக்கொண்டு நின்று சூடேறுவது வேறு. பியூஸ் உள்ள மாற்றுப் பிளக் ஒன்றை வாங்கி நிரந்தரமாக மாட்டிவிடுங்கள்.

மல்டி பிளக்

எல்லா வகைக் காலும் நுழையும் "யுனிவர்சல்" வாய் உள்ளது எந்தத் தரத்துக்கும் சொந்தமில்லை. பிடிப்பு இருக்காது, மூடி இருக்காது, எர்த் தொடுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வாங்காதீர்கள்.

13 அம்பியர் வாய் உள்ளதிலும் வயரின் மேல் அச்சைப் படியுங்கள். முழு 13 அம்பியர் தாங்க 1.25 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர், மூன்று வயர் வேண்டும். 0.75 என்று இருந்தால் போன் சார்ஜருக்கும் டீ.வி.க்கும் மட்டும். அச்சே இல்லாவிட்டால் 0.5 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த தோலுக்குள் மயிர் போன்ற செம்பை ஒளித்து வைப்பது பழைய வித்தை. கையில் தடிப்பாக இருப்பது சாட்சியாகாது. சந்தேகமென்றால் பிளக் முனையில் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 13 அம்பியர் என்றால் ஏறக்குறைய 3,000 வாட். காலையில் கேத்தல் 2,000, ரைஸ் குக்கர் 700, பள்ளிச் சீருடைக்கு அயன் 1,200: கூட்டினால் 3,900 வாட், 17 அம்பியர். அசல் பியூஸ் இந்த மிகுதிக்கு உடனே போகாது. அரை மணிக்கு மேலும் தாங்கும். அவ்வளவு நேரமும் மெல்லிய வயர் வெந்துகொண்டிருக்கும். சுருட்டி வைத்த வயர் இன்னும் மோசம், சூடு வெளியேற இடமிருக்காது. வாங்கியதும் கேத்தலை மட்டும் அதில் போட்டுப் பதினைந்து நிமிடம் தண்ணீர் மாற்றி மாற்றிக் கொதிக்க விடுங்கள். நிறுத்திப் பிளக்கைத் தொட்டால் இளஞ்சூடு சரி. கை வைத்திருக்க முடியாத சூடென்றால் அன்றைக்கே கடைக்குத் திருப்புங்கள்.

வெந்நீர்

மூன்று வழி இருக்கிறது. மூன்றும் ஒன்றல்ல.

வாளிக் கொயிலில் எர்த் காலுக்கும் கொயில் குழாய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் கடையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே, சுழியத்தை ஒட்டி வர வேண்டும். முடிவில்லை என்று காட்டினால் எர்த் வயர் உள்ளே எங்கும் மாட்டப்படவில்லை. பாவிக்கும் வரிசை மாறக் கூடாது: பிளாஸ்டிக் வாளி, கொயிலில் குறித்த கோட்டுக்கு மேல் வரும்படி தண்ணீர், கொயில் உள்ளே, பிறகுதான் பிளக், கடைசியில் சுவிட்ச். சூடானதும் சுவிட்ச், பிளக் இரண்டையும் எடுத்து, ஒரு நிமிடம் பொறுத்துத்தான் தண்ணீரைத் தொட வேண்டும். சூடு பார்க்க விரலை விடுவதுதான் இங்கே நடக்கும் பிழை. 1,000 வாட் கொயில் 15 லீட்டர் தண்ணீரை 16 பாகையிலிருந்து 40க்குக் கொண்டுவர இருபத்தைந்து நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டால் விரலுக்கு வேலையில்லை. தண்ணீருக்கு வெளியே எரிந்த கொயிலின் குழாயில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அதை மறுபடி பாவிக்காமல் எறிந்துவிடுங்கள்.

ஷவர் ஹீட்டர் பற்றிக் கடையில் யாரும் சொல்லாத கணக்கு ஒன்று. 3,500 வாட் என்றால் 15 அம்பியருக்கு மேல். 13 அம்பியர் பிளக்கில் போட முடியாது. மெயின் பலகையிலிருந்து தனி வயர், 7/0.85 அதாவது 4 சதுர மில்லிமீட்டர், 20 அம்பியர் எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானே விழும் சிறிய சுவிட்ச்), குளியலறைக்கு வெளியே லைன், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் சுவிட்ச்: இத்தனையும் வேண்டும். பிளக் பொயின்டுக்குப் போகும், அதைவிட மெல்லிய 7/0.67 வயரிலேயே இணைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. இவ்வளவு செய்தும், மலைத் தண்ணீரை 16இலிருந்து 38 பாகைக்கு ஏற்றினால் நிமிடத்துக்கு இரண்டே கால் லீட்டர்தான் வரும். கொழும்பில் நன்றாக வேலை செய்த அதே ஹீட்டர் நானுஓயாவில் நூலாக ஒழுகுவது இதனால்தான், சாமானில் குற்றமில்லை. தண்ணீர் போதவில்லை என்று 5,500 வாட்டுக்குப் போனால் 24 அம்பியர். 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டில் அடுப்பங்கரையில் கேத்தல் போடக்கூட மிச்சமிருக்காது. மலிவான சில ஷவர் தலைகளில் கொயில் கம்பி உறையின்றித் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். "இதற்கு எர்த் தேவையில்லை" என்றோ "ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிடுங்கள்" என்றோ விற்பவர் சொன்னால் அந்தப் பேச்சோடு வியாபாரத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

வயரிங் பலவீனமான வீட்டுக்குத் தாங்கி உள்ள கீசர்தான் பொருத்தம். 30 லீட்டர், 2,000 வாட், 9 அம்பியர்கூட இல்லை. 16 பாகையிலிருந்து 60க்கு முக்கால் மணி நேரத்தில் வரும், முன்கூட்டியே போட்டு அணைத்துவிட்டுக் குளிக்கலாம். அதில் பார்க்க வேண்டியது அழுத்தம் விடும் வால்வ். சூடேறும்போது அதிலிருந்து சொட்டுவது இயல்பு. சொட்டுகிறதென்று மூடியை இறுக்கி அடைத்துவிட்டால், தேர்மோஸ்டட் பழுதாகும் நாளில் தாங்கி வெடிகுண்டாகிவிடும். அந்தக் குழாயைக் கீழ்நோக்கி, திறந்த முனையோடு விடுங்கள்.

ரூம் ஹீட்டர் சுவர் சொக்கெட்டில் நேரடியாக. சரிந்தால் அணையும் சுவிட்ச் இருக்கிறதா என்று கடையில் சாய்த்துப் பாருங்கள். அதன் மேல் ஈர உடுப்பு காயப்போடக் கூடாது, எவ்வளவு மழை பெய்தாலும்.

எர்த்

இங்கே வீட்டு எர்த் என்பது உங்கள் நிலத்தில் அடித்த கம்பிதான். அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம், மலைப்பாறைக்கு அது நல்ல எண்தான். ஹீட்டர் உடம்பில் லைன் வயர் தொட்டுவிட்டால் எர்த் வழியாக ஓடுவது 230ஐ 20ஆல் வகுத்தது, 11.5 அம்பியர். 16 அம்பியர் எம்.சி.பி. அசையாது. பியூஸும் போகாது. உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும். "எர்த் இருக்கிறது, பயமில்லை" என்ற பேச்சு இதனால்தான் பாதி உண்மை: எர்த்தோடு ட்ரிப் சுவிட்சும் இருந்தால்தான் அது முழுமையாகும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் 100 ஓம் எர்த்தும் வேலை செய்யும்.

கம்பி குறைந்தது 4 அடி, செம்பு பூசியது. பாறை தட்டி இரண்டடியில் நின்றால் மிச்சத்தை வெட்டிவிடுவது வழக்கமான குறுக்கு வழி. அதற்குப் பதில் வேறிடம் பாருங்கள், அல்லது இரண்டு கம்பியை ஒரு கம்பி நீளத்துக்கு மேல் தள்ளி அடித்து இணைத்துவிடுங்கள். கட்டைச் சுவருக்கு வெளிப்புறம் கொட்டிய கற்குவியலில் அடிக்காதீர்கள். பெப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்திருக்கும்போது அளந்தால்தான் உண்மையான எண் தெரியும். மழைக்காலத்து அளவு எப்போதும் அழகாகத்தான் வரும்.

பழைய லயங்களில் (தோட்ட வரிசை வீடுகளில்) எர்த்தை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிறகு குழாயைப் பி.வி.சி.யாக மாற்றியபோது எர்த்தும் போய்விட்டது, வயர் மட்டும் கட்டியபடி இருக்கும். இன்னும் மோசம், அந்த வயரில் நாலைந்து காம்பராக்கள் (லய வீடுகள்) சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால், ஒரு வீட்டு அயனின் பழுது அடுத்த வீட்டுக் கேத்தலில் அடிக்கும். தகரத்துக்குக் கீழே ஆணியடித்துப் போன வயரையும் பாருங்கள். தகர விளிம்பில் உரசித் தோல் தேய்ந்தால் கூரை முழுக்கக் கரண்ட், இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உடுப்புக் காயப்போடும் கம்பி உட்பட. வயரைக் கொண்டியூட் குழாய்க்குள் போட்டு மரத்தில் பிடிக்க வேண்டும்.

ட்ரிப் சுவிட்ச்

பலகையில் வரிசையாக இருக்கும் சிறிய சுவிட்சுகள் எம்.சி.பி.; வயரைக் காப்பவை. ஆளைக் காப்பது 'டீ' (T) என்ற பொத்தான் உள்ள அகலமான ஒன்று, அதுதான் ட்ரிப் சுவிட்ச். அதில் 0.03 அம்பியர் அல்லது 30 மில்லி அம்பியர் என்று இருக்க வேண்டும். பழைய வீடுகளில் 100 மில்லி அம்பியர் கிடக்கும். அது தீயைத் தடுக்கலாம், நெஞ்சுக்கு அது மிக அதிகம். மாற்றிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டீ பொத்தானை அமுக்குங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை. ஆனால் அந்தப் பொத்தான் சுவிட்சை மட்டுமே சோதிக்கிறது. எர்த் அறுந்து கிடந்தாலும் பொத்தானுக்கு அது விழும். என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள மின்னியலாளரிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னால், 30 மில்லி அம்பியருக்கு 300 மில்லி செக்கனுக்குள்ளும், 150க்கு 40 மில்லி செக்கனுக்குள்ளும் விழ வேண்டும். கூடவே எர்த் ஓம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லாமல் பல்பை லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் பிடித்துக் காட்டுபவர் சோதிக்கவில்லை, வித்தை காட்டுகிறார்.

மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறதென்று அதைச் சுற்றி நேரடியாக வயர் போட்டுவிடுவது மலையகத்தில் மிகவும் பரிச்சயமான தவறு. காரணத்தைத் தேடும் வழி சுலபம்:

1. எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. எம்.சி.பி. அனைத்தையும் கீழே இறக்குங்கள்.
2. ட்ரிப் சுவிட்சை ஏற்றுங்கள். உடனே விழுந்தால் பலகையிலேயே கோளாறு, மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.
3. எம்.சி.பி.யை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எது ஏறியதும் விழுகிறதோ அந்த வயர்ப் பாதையில் ஈரம். வெளி பல்பு, இஸ்தோப்புச் சொக்கெட், கூரை ஒழுகும் மூலை ஆகியவற்றை முதலில் பாருங்கள்.
4. எல்லாம் நின்றுவிட்டால் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். விழ வைப்பதை ஒதுக்கி வையுங்கள்.

நான்காவது படியில் அகப்படுவது பெரும்பாலும் பல மாதம் மூலையில் கிடந்த ஹீட்டரோ ஹொட் பிளேட்டோவாக இருக்கும். கொயில் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி நிரப்பியிருக்கும் மக்னீசியம் ஒக்சைட்டுத் தூள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். முனை அடைப்புத் தளர்ந்த கொயில் நம் பனிமூட்டத்தில் இரண்டு மாதம் கிடந்தால் போதும். இரண்டு மூன்று நாள் வெயிலில் அல்லது அடுப்பு மேட்டின் இளஞ்சூட்டில் காயவைத்து, காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மீட்டரில் ஒரு மெகா ஓமுக்கு மேல் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் பாவிக்கலாம். வராவிட்டால் கொயிலை மாற்ற வேண்டும்.

ட்ரிப் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. ஒருவர் லைனையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் பிடித்தால் அது விழாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வரும் இடிமின்னலையும் அது தடுக்காது. அந்த மாலைகளில் டீ.வி., ரவுட்டர் பிளக்குகளைக் கழற்றி வைப்பதுதான் வழி.

பில், வொரண்டி, புகார்

பில் கேட்டு வாங்குங்கள். அதில் மாடல் எண்ணும் திகதியும் எழுதச் சொல்லுங்கள். "ஹீட்டர் 1" என்று எழுதிய துண்டு எதற்கும் உதவாது. மின், இலத்திரனியல் சாமான்களுக்குக் குறைந்தது ஆறு மாத வொரண்டி கொடுக்க வேண்டும் என்பது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் பணிப்புரை. சபையின் தொலைபேசி 1977. தரம் குறைந்த சாமான் பற்றிய முறைப்பாட்டை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பலர் கடைக்காரரோடு பேசிப் பேசியே அந்த மூன்று மாதத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

சிறு கடை வைத்திருப்பவருக்கு: பிளக், சொக்கெட், வயர், சுவிட்ச் போன்றவை எஸ்.எல்.எஸ். கட்டாயப் பட்டியலில் உள்ளவை. வான்காரர் கொண்டுவந்து போடும் மலிவுச் சரக்கில் முத்திரை இல்லாவிட்டால் அகப்படுவது அவர் அல்ல, அலுமாரியில் அடுக்கி வைத்த நீங்கள். மொத்த வியாபாரியின் பில்லை மாடல் எண்ணோடு வாங்கிக் கோப்பில் வையுங்கள். அது இல்லாமல் சரக்கை யாரிடம் திருப்புவீர்கள்?

சாமான் புகைந்தாலோ அடித்தாலோ திறந்து பார்க்காதீர்கள், பிளக்கை வெட்டாதீர்கள். தகடு, பிளக், கருகிய இடம் மூன்றையும் வெளிச்சத்தில் படமெடுத்து, பெட்டியோடும் பில்லோடும் ஒரு பையில் கட்டி வையுங்கள். முறைப்பாட்டைக் கொடுத்த பிறகு, கேட்கும்போது அதே நிலையில் காட்ட அந்தப் பை வேண்டும்.